ஜீப்புக்கு வெறும் வயிற்றில் கொடுத்த மருந்து

மேக்கரைப்பட்டி ஜீப் பேசியது என்று சொன்னால் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவர்கள் சிரிப்பதால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஓடும்போது அது பேசவில்லை, மேடு ஏறும்போது பேசவில்லை, ஆள் ஏற்றத் தண்ணீர்த்தொட்டி முக்கிலோ வேறெங்கோ கியர் போடாமல் சும்மா உறுமிக்கொண்டு நிற்குமே, அப்போது மட்டும்தான் பேசியது. புகைக்குழாய் வழியாகப் பேசியது. பேசியதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்களின் பேச்சு, அதுவும் அவர்கள் ஒருநாளும் வாய்திறந்து பேசாத பேச்சு.

ஜீப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் போடிக்குப் பக்கத்தில், மலையின் காலடியில் இருக்கிறது. ஊர்ப் பெண்களில் பாதிப்பேருக்கு மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களில்தான் வேலை. விடியும் முன்னே கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்து, செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய், நாளெல்லாம் அட்டைப்பூச்சிக் கடிக்கு நடுவே குனிந்து காய் பறித்துவிட்டுச் சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். ஜீப் கங்காணி தவசியுடையது. ஆள் சேர்ப்பதும், ஏற்றிப் போவதும், எஸ்டேட்டில் பின்னால் நின்று வேலை வாங்குவதும் அவர்தான். ஓட்டுவது மொக்கராசு. முன்சீட்டில் கங்காணி, பின்னால் இருபது பெண்கள், ஒருத்தி முழங்கால் இன்னொருத்தி முழங்காலுக்குள், ஒருத்தி தூக்குவாளி இன்னொருத்தி மடியில். அந்த இருபதில் ஒருத்தி மொக்கராசின் பெண்சாதி சீனித்தாய்; டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவாள்.

கங்காணிக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஜீப்புக்குள் பேச்சு கூடாது என்பது ஒன்று. முன்பு ஒருமுறை பெண்கள் பேசிக்கொண்டே ஏறியிருக்கிறார்கள், பேச்சோடு பேச்சாகப் பக்கத்து எஸ்டேட்டில் உட்கார்ந்து சோறு தின்னக் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்திருக்கிறது, மேலே போய்ச் சேருவதற்குள் பாதி ஜீப் அந்த எஸ்டேட்டுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சட்டம். ஊரில் கிளம்பினால் எஸ்டேட்டில்தான் இறங்க வேண்டும், நடுவில் யாருக்காகவும் வண்டி நிற்காது என்பது இன்னொன்று. செக்போஸ்ட்டில் நிற்கும், அங்கே கங்காணி இறங்கிப் பேர் சொல்லிவிட்டு, ஏதாவதொரு லாரிக்குப் பின்னால் போய் ஆற அமர நின்றுவிட்டு வருவார், ஆம்பிளைக்கு உலகமெல்லாம் கக்கூஸ். பெண்கள் இறங்க முடியாது. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள், அப்படியும் முட்டிக்கொண்டு வந்தால் பல்லைக் கடித்தார்கள், சொல்ல வந்ததை விழுங்கினார்கள், விழுங்கியது எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

போன மழைக்காலத்திலிருந்து ஜீப் நின்றால் உதறத் தொடங்கியது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நின்று ஐட்லிங்கில் இருக்கும்போதுதான் குளிர்காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். உள்ளே இருபது பேர் வளையலும் கலகலக்கும், தூக்குவாளி மூடி தெறிக்கும், வெற்றிலை போட்டவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். செக்போஸ்ட்டில் நின்றால் திணறித் திணறி அணைந்தே போகும், பெண்கள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு இறங்கலாம், மற்றதற்கு இறங்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போடியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். நோசிலில் கரி, வால்வில் கரி, ஹெட்டைக் கழற்றிச் சுரண்டினால் சரியாகிவிடும், அது பெரிய வேலை, அதற்கு முன்னால் இதை ஊற்றிப் பார் என்று மொக்கராசிடம் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். டீசலில் கலந்து ஊற்றினால் உள்ளே படிந்திருக்கும் கரியை இளக்கிப் புகையோடு வெளியே தள்ளும் மருந்து. எஞ்சினுக்குப் பேதி மருந்து என்று வைத்துக்கொள் என்றவர், டேங்கை நிரப்பிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார். பாய் அந்தப் பேதி என்ற வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் மேக்கரைப்பட்டியில் நிரம்பிய வயிற்றில் யாரும் பேதிமருந்து கொடுப்பதில்லை. விடியற்காலையில், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு பத்தியம் இருக்க வேண்டும், இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மொக்கராசு திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்து, பாய் எஞ்சின் பார்க்கிறவர், வைத்தியத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்ற முடிவுக்கு வந்து, டேங்கிலிருந்த டீசலை டியூப் போட்டு உறிஞ்சிக் கேனில் இறக்கி, அடியில் ஒரு வாய் மட்டும் விட்டுவைத்தான். அன்று முழுக்க ஹாரன் அடிக்கக் கூடாது, புளிமூட்டை ஏற்றக் கூடாது என்று ஜீப்புக்குப் பத்தியமும் வைத்தான்.

மருந்தை ஊற்றச் சொன்னது சீனித்தாயை. அவள் கைராசிக்காரி, அவள் நட்ட செடி பட்டுப்போனதில்லை. ஊரில் நாற்று நடுவதானாலும் புது அடுப்பு மூட்டுவதானாலும் முதல் கை அவளுடையதாக இருக்க வேண்டும். கைராசி இருக்கிறது, வயிற்றுராசி இல்லை என்று பின்னால் பேசுவார்கள். அவள் வயிற்றில் ஒன்று வந்து ஆறாம் மாதத்தில் போய்விட்டது, அதற்குப் பிறகு தங்கவில்லை. அப்படிப் பேசுகிற வாய்தான் கூசாமல் மறுநாள் அவளை நாற்று நடக் கூப்பிடும், அவளும் போவாள். அன்று விடியற்காலையில் அவள் கிழக்கே பார்த்து நின்று பாட்டிலைக் கவிழ்த்தாள், மொக்கராசு சாவியைத் திருகினான், எஞ்சின் இருமியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு புகைக்குழாயிலிருந்து ஒச்சம்மாவின் குரல் வந்தது.

"கங்காணி, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. முட்டுது."

ஒச்சம்மா தொட்டி ஓரத்தில் வாய் நிறைய வெற்றிலையோடு நின்றிருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அவள் குழாயைப் பார்த்தாள். தான் சொல்லவில்லை என்று கையை ஆட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நெனச்சேன்" என்றாள். "போன மாசி மாசம் நெனச்சேன்."

அதற்குப் பிறகு நிற்கவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று ஒரு குரல் வந்தது, குளிருக்குக் கித்தானை இறக்கி விடுங்கள் என்று ஒன்று வந்தது, ஏற்றிவிடுகிறேன் என்று தொடாதீர்கள் எனக்கே ஏறத் தெரியும் என்று ஒன்று வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் நான் இன்றைக்குத் திரும்பிப் போகிறேன் என்று ஒன்று வந்தது, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று எண்ண முடியாதபடிக்கு வந்தது. ஒவ்வொன்றும் அவரவர் குரலில், அவரவர் இழுவையில் வந்தது. ஒரு வாக்கியம் வெளியே வரும்வரை எஞ்சின் பதமாக ஓடும், முடிந்ததும் உதறும், அடுத்தது வரும். சேதி கேட்டு வந்த சிக்கந்தர் பாய் குழாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டி, படிந்த கரியை முகர்ந்து பார்த்து, மருந்து வேலை செய்கிறது, பாதியில் நிறுத்திவிடாதே என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

கங்காணிக்கு முகம் சுண்டியது. ஆனால் நின்ற இடத்தில் அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும், அதோடு உதறல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது, வண்டி சரியாகிறதே என்று சும்மா இருந்தார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. சொன்ன நாளில் தண்ணீர் லாரி வந்தால்தான் எங்களுக்கு அதிசயம். டீக்கடை அய்யாவு ரோட்டைப் பார்த்துக் கிடந்த பெஞ்சைத் திருப்பிக் குழாயைப் பார்க்கப் போட்டார். சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் நேரத்துக்கு ஆம்பிளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் குரல் வந்தால் இன்னொரு டீ சொல்வார்கள், தன் வீட்டுப் பெண் குரல் வந்தால் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்களாக எழுந்து போய்விடுவார்கள். மலைக்குப் போகாத பெண்களும் வரத் தொடங்கினார்கள். ஜீப் நிழலில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மருமகள் வந்து உள்ளே ஏறிச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போவாள், கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய மாமியாரும் வந்து ஏறிப் பேசாமல் உட்காருவாள், திங்கட்கிழமை காலையில் இரண்டும் அடுத்தடுத்து வரும். கோயிலுக்கு முன்னால் நின்றபோது ஒருநாள், தீபாராதனைக்கு நடுவில், சாமி உனக்கும் இங்கே பேச்சு கிடையாதா என்று குழாய் கேட்டது. பூசாரி தட்டைக் கீழே வைக்காமல் இன்னொரு கற்பூரம் ஏற்றினார். குழாயில் கேட்டதைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துச் சண்டை போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள், அந்த முடிவை எல்லா வீட்டிலும் மீறினார்கள். மருந்து தீரத் தீர பெண்கள் அடுத்த பாட்டில் வாங்கினார்கள், தூக்குவாளிக்குள் சோற்றுக்கு அடியில் ஒளித்து எடுத்து வந்து, சீனித்தாய் கையால் ஊற்றினார்கள்.

சீனித்தாய் ஒருநாள் விடாமல் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் ஒரு பேச்சுக்காகக் காத்திருந்தாள்.

வயிற்றிலிருந்தது போனதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது: பச்சைக்காய் மூட்டையைத் தூக்கினாள், வயிறு தாங்கவில்லை. மொக்கராசும் அதைத்தான் நம்பினான், உன்னை யார் தூக்கச் சொன்னது என்று அழுதுகொண்டே திட்டினான், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் மூட்டையைத் தொடவில்லை. அன்று காலையில் மேலே ஏறும்போது ஈச்சமரத்து வளைவில் அவளுக்கு வலி எடுத்தது. புருசன் ஒரு கை தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பக்கத்தில் கங்காணி இருந்தார். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. கங்காணி சத்தம் போடுவார், புருசனுக்கு வண்டி ஓட்டும் வேலை போய்விடும் என்று நினைத்து விழுங்கினாள். எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? நீ ஓட்டிக்கொண்டிருந்தாய், நான் பின்னால் இருந்தேன் என்று எந்தப் பொழுதில், எந்தச் சோற்றுக்கு நடுவில் சொல்வது? அவளுக்கு அவன்மீது கோபம் இருந்தது, தன்மீது அதைவிடக் கோபம் இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு அவனுக்குத் தினமும் சோறு போட்டாள். எஞ்சின் சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்தாள். மற்றவர்கள் பேச்செல்லாம் வருகிறதே, என்னுடையதும் உள்ளேதானே கிடக்கும், ஒருநாள் அவன் காது கேட்க வந்துவிடாதா என்று, பயமும் ஆசையுமாகப் புகையில் நின்றாள்.

இதற்குள் முன்சீட்டுப் பேச்சு வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போது, கங்காணியின் குரலில், ஆனால் கங்காணியிடம் நாங்கள் ஒருநாளும் கேட்டிராத ஒரு மெலிந்த குரலில், "இருபது பேர அடச்சு ஏத்துறது பாவம்ங்கய்யா, இன்னொரு வண்டி விடணும்ங்கய்யா" என்று குழாய் சொன்னது. எஸ்டேட் மேனேஜர் போனில் பேசும்போது அவர் விழுங்கிய பேச்சு அது. பெஞ்சில் ஒருவரும் டீயை உறிஞ்சவில்லை. ஒச்சம்மாதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இத வாயால சொல்லியிருந்தீகன்னா, கங்காணி, ஒங்களக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்."

கங்காணி வெட்கத்தில் கறுத்துப்போனார். வெட்கப்பட்ட மனிதன் திருந்துவான் என்று நினைப்பது தப்பு, பெரும்பாலும் அவன் வெட்கப்படுத்தியதை உடைக்கத்தான் பார்ப்பான். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டிப் போடு, ஒரு சொல் மிச்சம் இருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடி என்று மொக்கராசிடம் சொன்னார். பெண்கள் விடவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வந்து இறங்காமல் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்கள், பிள்ளைகள் சோறு கேட்டு வந்தன, சோறு போட அப்பன் இருக்கிறான் போ என்று அனுப்பினார்கள். இறங்காதவளுக்குத் திங்கட்கிழமை முதல் இடம் கிடையாது, வேறு ஊரில் ஆள் ஏற்றிக்கொள்கிறேன் என்று கங்காணி சொன்ன பிறகுதான் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஜீப் அவருடையது, மலை ஏற வேறு வழி இல்லை. கடைசியாக இறங்கியது சீனித்தாய்.

மறுநாள் மொக்கராசு ஜீப்பை ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போனபோது அவளும் கூடப் போனாள். கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டில் ஊற்றுங்கள் பாய் என்று கேட்டாள், ஏன் என்று சொல்லவில்லை. சிக்கந்தர் பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து தானே எடுத்து வந்து கொடுத்தார். எஞ்சின் ஓடியது. மத்தியானம் முழுக்க ஓடியது. குழாயில் ஒச்சம்மா வந்தாள், காய்ச்சல்காரி வந்தாள், இடுப்புவலிக்காரி வந்தாள், எப்போதோ வேலையை விட்டுக் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்ட பெண்கள் கூட வந்தார்கள். சீனித்தாயின் குரல் வரவில்லை. கங்காணி மகன் பைக்கில் வந்து நின்று இன்னுமா திறக்கவில்லை என்று கேட்டான், பாய் வேறு வழியில்லாமல் ஸ்பானரை எடுத்தார்.

ஹெட்டைத் தூக்கியதும் உள்ளே கரி பாறையாக அப்பியிருந்தது. பாய் தகட்டால் சுரண்டினார், வால்வு வால்வாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தார், கரியெல்லாம் சாக்கின்மேல் குவிந்தது. மொக்கராசு தள்ளிப்போய் நின்று பீடி குடித்தான். சீனித்தாய் ஒரு பிடி கரியை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மிச்சக் கரியைச் சாக்கோடு எடுத்துச் சாக்கடையில் கொட்டினார்கள், மண்ணெண்ணெயையும் அதன் மேலேயே கொட்டினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊரில் உள்ளவள் பேச்செல்லாம் வெளியே வந்தது, மாமியார் பேச்சு வந்தது, அந்தக் கங்காணி பேச்சே வந்தது, என்னுடையது மட்டும் சாக்கடைக்கா என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய், விடிந்தால் மலையேற வேண்டும் என்று தெரிந்தே, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் தொட்டி முக்கில் ஜீப் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக நின்று ஓடியது. ஒரு வளையல் கூட அசையவில்லை. குழாயிலிருந்து வெறும் புகை வந்தது. அய்யாவு பெஞ்சை மறுபடி ரோட்டைப் பார்க்கத் திருப்பினார். கங்காணி பின்னால் போய்க் குழாயை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, திருப்தியாக முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். பெண்கள் ஏறினார்கள், முழங்காலுக்குள் முழங்காலை வைத்தார்கள், ஜீப் மலையேறியது, முதல் வளைவு போனது, பிறகு அடுத்தடுத்த வளைவுகள் போயின, கீழே ஊர் சின்னதாகி மறைந்தது, ஈச்சமரத்து வளைவு வந்தது.

"வண்டிய நிறுத்துங்க."

கங்காணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பின்னால் திரும்பவில்லை, மொக்கராசு பக்கம் திரும்பி, கரி இன்னும் மிச்சம் இருக்கிறதா, பாய் ஒழுங்காகச் சுரண்டவில்லையா, இப்போது ஓடும்போதே பேசுகிறதே என்று கேட்டார்.

"எஞ்சின் இல்ல, கங்காணி" என்றாள் சீனித்தாய். "நாந்தேன் பேசுறேன். வண்டிய நிறுத்துங்க."

மொக்கராசு பிரேக்கை மிதித்தான். பின்னால் இருபது பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தார்கள். எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டு நின்றது, அதனால் அவள் புருசன் முதுகைப் பார்த்துப் பேசியது ஒவ்வொரு சொல்லும் எல்லாருக்கும் கேட்டது.

"நான் மூட்டை தூக்கல. இந்த வளைவுலதேன் வலி எடுத்துச்சு. ஒங்களுக்குப் பின்னாலதேன் ஒக்காந்திருந்தேன். நிறுத்துங்கன்னு வாயெடுத்தேன், இவருக்குப் பயந்து முழுங்கிட்டேன். நீங்க கண்ணாடியில பாத்தீக. ரோட்டத்தேன் பாத்தீக, என்னையப் பாக்கல. மூட்டை இல்ல. இந்த ஜீப்புதேன்."

கங்காணி நேரமாகிறது, வண்டியை எடு என்றார். மொக்கராசு சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். மறுபடியும் எடு என்றார், இந்த முறை பேர் சொல்லிச் சத்தமாகச் சொன்னார். மொக்கராசு இறங்கினான், ரோட்டோரத்தில் தேடி ஒரு பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கி வந்து, வண்டி பின்னால் உருளாதபடிக்குப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான், இன்னொரு கல்லைத் தூக்கி வந்து மற்றச் சக்கரத்துக்கும் வைத்தான். கதவைத் திறந்து அவளை இறக்கிவிட்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"எம்புட்டு நேரம் நிக்கணும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

ஒச்சம்மா முதலில் குதித்தாள், பிறகு மற்றவர்கள் இறங்கினார்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் ஆற அமரப் போனார்கள், ஆற அமரத் திரும்பி வந்தார்கள். பின்னால் வந்த பக்கத்து ஊர் ஜீப்புகள் வளைவை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. சங்கதி தெரிந்ததும் அந்த ஜீப்புகளிலிருந்தும் பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள், அந்தக் கங்காணிகளும் கத்தினார்கள், கேட்பாரில்லை. யாரோ வெற்றிலைப் பையை அவிழ்த்தார்கள், யாரோ சோற்றைத் திறந்தார்கள், மலைரோடு முழுக்கப் பேச்சாக இருந்தது. சீனித்தாய் வளைவின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள், மொக்கராசு அவள் காலடியில் ரோட்டிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தான், அவள் அவன் தலையில் கை வைத்திருந்தாள். எஸ்டேட்டிலிருந்து போன்மேல் போன் வந்தது. முன்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த கங்காணி எட்டிப் பார்த்து, போகலாமா என்று அவளிடமே கேட்டார்.

வெயில் ஏறியது. அவள் இன்னும் சொல்லவில்லை.